வாசலுக்குப் போய்க் கூப்பிடுங்கள்: கிராம இளைஞர் மன்றத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

எங்கள் இளைஞர் நற்பணி மன்றத்தின் முதல் பொதுக்கூட்டத்துக்குக் கோவில் மைக்செட்டில் மூன்று முறை அறிவித்தோம். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். ஐம்பது நாற்காலியை வாடகைக்கு எடுத்து ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் வரிசையாகப் போட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நிர்வாகிகள். ஒருவர் நாற்காலிக்கு வாடகை வாங்க வந்தவர்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் தூக்குவாளியோடு நின்ற அத்தை ஒருவரிடம், ஏன் வரவில்லை என்று கேட்டேன். “என்னை யாரப்பா அழைத்தீர்கள்?” என்றார். மைக்கில் சொன்னோமே என்றேன். “வீட்டு வரி கட்டச் சொல்லியும்தான் மைக்கில் சொல்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் பாலை அளக்கக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்குக்கூட வாசலேறி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. பத்திரிகையை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பங்காளியே வரமாட்டார். அப்படிப்பட்ட ஊரில் மைக்கையும் வாட்ஸ்அப்பையும் நம்பிக் கூட்டம் போட்டது எங்கள் பிழை. இளைஞர் மன்றத்துக்குக் குடும்பங்களையும் தன்னார்வலர்களையும் கொண்டுவருவது எப்படி என்று நாங்கள் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, புதிதாகச் செயலாளர், பொருளாளர் ஆனவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. வீட்டு நோட்டு போடுங்கள்

கூட்டம், கொடி, பனியன் எதற்கும் முன்னால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே ஊரில் அந்த வீட்டுக்கு வழங்கும் பெயரை எழுதுங்கள்: வண்டிக்காரர் வீடு, மிலிட்டரிக்காரர் வீடு, கிணற்றடி வீடு என்று. கீழே வீட்டில் இருப்பவர்கள், என்ன வேலை, எந்த நேரத்தில் கை ஓயும், என்ன தெரியும், வெளியூரில் யார் இருக்கிறார்கள், ரத்த வகை என்ன.

“என்ன தெரியும்” என்ற வரியில்தான் மன்றத்தின் சொத்து முழுவதும் இருக்கிறது. எங்கள் ஊர் சிறியதுதான். நோட்டைப் புரட்டியபோது ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் மூவர், வயரிங் தெரிந்தவர் இருவர், கல்யாணச் சமையல் செய்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மாவட்ட அளவில் கபடி ஆடிவிட்டுக் கல்யாணத்தோடு நிறுத்திவிட்ட ஒரு மதினி என்று இருந்தார்கள். கடைசியாகச் சொன்னவரைப் பற்றி எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய சொந்தக் கொழுந்தன் எங்கள் துணைத் தலைவர்!

இந்த நோட்டை எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அவசரப்படாதீர்கள். கேட்கப் போகிற நேரமும் முக்கியம். விடியற்காலையில் போனால் அடுப்படியில் நிற்பார்கள். இரவு எட்டு மணிக்குப் போனால் தொலைக்காட்சித் தொடரின் மீது ஒரு கண் இருக்கும். மாலை மாடு கட்டி முடித்து விளக்கு வைக்கிற நேரம் எங்களுக்குச் சரியாக இருந்தது.

2. ரசீதுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

ஊரில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து வாசலுக்கு வந்தாலே வசூல் என்றுதான் அர்த்தம். கையில் ரசீதுப் புத்தகம் இருந்துவிட்டால் பேச்சு நூறா இருநூறா என்பதோடு முடிந்துவிடும். நன்கொடை கொடுத்தவர் தன் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். பிறகு அவர் நேரத்தைக் கேட்க முடியாது. அதனால் முதல் நடை பணத்துக்காக அல்ல என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேர் மட்டும் போங்கள். ஒருவராவது அந்தத் தெருவுக்காரராக இருக்கட்டும். முடிந்தால் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பல வீடுகளில் பகலில் இருப்பது பெண்களும் முதியவர்களும்தான். திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்தால் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். முதலில் அவருக்குச் சொல்லுங்கள். அவருக்குக் காது கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

“உங்கள் பையனை மன்றத்துக்கு அனுப்புங்கள்” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பையன் வருவான், குடும்பம் வராது. அம்மாவிடம் அம்மாவுக்குரிய வேலையைக் கேட்க வேண்டும். அப்பாவிடம் அப்பாவுக்குரியதை.

3. வேலையைத் துண்டு போடுங்கள்

“எங்களுக்கு உதவியாக இருங்கள் மாமா” என்றால் “அதற்கென்ன தம்பி, செய்துவிடலாம்” என்பார். அவ்வளவுதான். அந்த “செய்துவிடலாம்” ஒருநாளும் நடக்காது. அவர் பொய் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பொங்கல் விளையாட்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலப் போட்டி, சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி, உறியடி, கயிறு இழுத்தல் என்று நோட்டீஸில் ஒரு பத்தியில் அடங்கிவிடும். பின்னால் இருக்கிற வேலைகளைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். முந்தின நாள் மாலை சுண்ணாம்புக் கோடு போட ஒருவர். உறிக்கு மூங்கில் நட இருவர். கோலப் போட்டியில் பெயர் எழுத ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். எவர்சில்வர் டப்பாக்களுக்குக் காகிதம் சுற்ற இரண்டு பிள்ளைகள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தம்ளரைக் கவனிக்க ஓர் ஆள். விழுந்து முட்டி சிராய்த்த பிள்ளைக்குக் கழுவி மருந்து போட ஒருவர். மைக்கில் பேச ஒருவர். அதைவிட முக்கியமாக, மைக்கை எல்லோரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர். நாங்கள் எழுதியபோது முப்பத்து நான்கு வேலைகள் வந்தன. பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை.

இப்போது வீட்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்கு ஆளைப் பொருத்துங்கள். பிறகு போய், “மதினி, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து வரை கோலப் போட்டிக்குப் பெயர் எழுதித் தர வேண்டும், பத்தரைக்கு நீங்கள் வீட்டில் இருக்கலாம்” என்று கேளுங்கள். ஆரம்ப நேரத்தைவிட முடிகிற நேரத்தைச் சொல்வதுதான் முக்கியம். பத்தரை என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு வரை பிடித்து வைத்தீர்கள் என்றால் அடுத்த வருடம் அந்த வாசலில் வேறு பதில் கிடைக்கும்.

யாருக்கு எந்த வேலை என்பதை நாமே தீர்மானித்துவிடுவதும் ஆபத்து. பெண்கள் என்றால் சமையல், கோலம் என்று எங்கள் புத்தி போனது. மகளிர் சுயஉதவிக் குழுவில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிற ஒரு சித்தியிடம் பானகம் கரைக்கக் கேட்டோம். கரைத்துக் கொடுத்தார். போகும்போது எங்கள் வரவு செலவுத் தாளை வாங்கிப் பார்த்து, கூட்டல் தவறு என்று இரண்டு இடத்தில் சுட்டிக்காட்டினார். அடுத்த மாதம் முதல் மன்றக் கணக்கை அவர்தான் தணிக்கை செய்கிறார். பானகத்தை இப்போது பொருளாளர் கரைக்கிறார். கொஞ்சம் இனிப்பு அதிகம்.

4. ஊரின் நாள்காட்டியைப் பாருங்கள்

நடவு, அறுப்பு நாள்களில் நிகழ்ச்சி வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் மனது வயலில் இருக்கும். மார்ச், ஏப்ரல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. தேர்வு நேரத்தில் கபடிப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூப்பிட்டால் அந்த வீட்டில் மன்றத்தின் பெயர் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதே மாதங்களில் மாலை படிப்பகம் திறந்து வைத்தால் பெற்றோரே கொண்டுவந்து விடுவார்கள்.

கிராம சபை நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் அதிகாரபூர்வமாகக் கூடுகிற நாள்கள் அவை. மன்றம் அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதை அங்கே எழுந்து நின்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு அது நான்கு பையன்களின் விளையாட்டாக இருக்காது. ஊருக்குத் தெரிந்த காரியம் ஆகிவிடும்.

5. எந்தத் தெரு, எந்த இடம்

இதைப் பூசி மெழுகி எழுத விருப்பமில்லை. பல ஊர்களில் இளைஞர் மன்றம் என்பது ஒரு தெருவின் மன்றம்தான். போர்டில் ஊர்ப் பெயர் இருக்கும், உறுப்பினர் பட்டியலில் ஒரு சாதிதான் இருக்கும். காலனிக் குடும்பங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள், கூட்டம் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சாவடித் திண்ணையில் உட்காரத் தயங்குகிறவர்கள் இருக்கும் ஊரில் சாவடியில் கூட்டம் வைத்துவிட்டு “எல்லோரும் வரலாம்” என்று சொல்வதில் பொருளில்லை.

அரசுப் பள்ளி மைதானம், ஊராட்சி நூலகம், கிராம சேவை மையக் கட்டடம் போன்ற பொது இடங்களில் வையுங்கள். தலைமை ஆசிரியரிடமோ ஊராட்சியிலோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு தெருவுக்கும் இடம் இருக்கட்டும். பெயருக்கு ஒருவரை உறுப்பினராக வைப்பதைவிட ஒரு பொறுப்பைக் கையில் கொடுங்கள். குடிக்கிற தண்ணீர் ஒரே குடம், ஒரே தம்ளர். இதில் முணுமுணுத்து விலகிப் போகிறவர்கள் இருப்பார்கள். எங்களுக்கும் இரண்டு வீடு போனது. ஒன்று மறு வருடம் திரும்பி வந்தது. மற்றொன்றுக்காக நாங்கள் குடத்தை மாற்றவில்லை.

கட்சிக் கொடியும் தேர்தல் பேச்சும் மன்ற வாசலோடு நிற்கட்டும். கட்சிக்காரர் நன்கொடை தந்தால் ரசீது கொடுங்கள். அவருடைய படத்தோடு பிளெக்ஸ் வைக்கிற வழக்கம் வேண்டாம். ஒரு படம் வைத்தால் மறுநாள் எதிர்த்தரப்புக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

6. அம்மாக்கள் கேட்காமல் கேட்கிற கேள்விகள்

பெண் பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் “அவளுக்குப் படிக்க இருக்கிறது” என்பார்கள். உண்மையான கேள்விகள் வேறு. எத்தனை மணிக்கு முடியும், யார் கூட்டிவந்து விடுவார்கள், அங்கே யார் யார் இருப்பார்கள், குடித்துவிட்டு எவனாவது வருவானா, கழிப்பறை இருக்கிறதா. இவற்றுக்கு அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருங்கள்.

எங்கள் விதிகள் இவை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கும் எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஆறு மணிக்கு முடிவு. தெருவாரியாகச் சேர்ந்து வீடு திரும்புதல். குடித்துவிட்டு வந்தவர் தலைவரே ஆனாலும் அன்றைக்கு வெளியே. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப் போவதென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒரு பெற்றோராவது வேனில் உடன் வர வேண்டும்.

இவற்றைத் தாளில் எழுதி மன்றச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அடியில் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்தாக வேண்டும். “ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்” என்பதற்கு அங்கே இடமில்லை. தன்னார்வலராகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுங்கள்.

7. பணமும் பதிவும்

கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சுவரில் ஏறட்டும். வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். நன்கொடை எவ்வளவு சிறியதானாலும் ரசீது. இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

பதிவு செய்ய விரும்பினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. குறைந்தது ஏழு பேர் சேர வேண்டும். மன்றத்தின் நோக்கங்களையும் நடைமுறை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பதிந்துவிட்டால் போதாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் நிர்வாகிகள் விவரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். பெயருக்குப் பதிந்துவிட்டு அதை மறந்த மன்றங்கள் ஏராளம். 1972இல் தொடங்கிய மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவின் வழியாகத்தான் பல ஊர் மன்றங்கள் வளர்ந்தன. 2023 அக்டோபர் 31 அன்று மத்திய அரசு இளைஞர்களுக்காக மை பாரத் என்ற அமைப்பைத் தொடங்கியது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிந்துகொள்ளலாம். அதன் மாவட்ட அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்வருவது நல்லது. ஆனால் பதிவு எண் வந்த பிறகுதான் வேலை தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம். குடும்பங்கள் பதிவு எண்ணைப் பார்த்து வருவதில்லை.

8. முதல் காரியமாகப் பனை விதை

முதல் நிகழ்ச்சி எதுவாக இருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கண்மாய்க் கரையில் பனை விதை ஊன்றுவது. கிரிக்கெட் போட்டி வைத்தால் இருபத்திரண்டு பேருக்கு வேலை, மற்றவர்களுக்கு வேடிக்கை. பனை விதைக்கு ஆறு வயதுப் பிள்ளையும் வேண்டும், அறுபது வயது ஐயாவும் வேண்டும். செலவும் அதிகம் இல்லை.

முதலில் அனுமதி. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. எது என்று விசாரித்து எழுத்தில் கேளுங்கள். பாசனக்காரர்களிடமும், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடமும் சொல்லுங்கள். தண்ணீர் திறக்கும் மடைக்கும் மிகுந்த நீர் வழியும் கலுங்குக்கும் அருகில் விதை போடக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர் நீர்ப்பாய்ச்சிதான். அவரையே முன்னால் நடக்கவிட்டோம்.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கிவந்து பள்ளி மூலையில் குவிப்பார்கள். டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் ஒரு நடை ஏற்றித் தரட்டும். பத்தடிக்கு ஒரு குழி, ஓரடி ஆழம். ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஏறத்தாழ 330 விதை. கடப்பாரை பிடிப்பவர், விதை போடுபவர், மண் தள்ளுபவர் என்று மூவர் மூவராக நின்றால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முடியும். ஒரே குடும்பத்து மூவர் ஓர் அணியாக நின்றால் இன்னும் நல்லது. ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வெளியூர்க்காரர்களுக்கும் இதில் இடம் உண்டு. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களிடம் சும்மா பணம் கேட்காமல், “உங்கள் அப்பா கையால் ஊன்றிய குழி இது” என்று படம் அனுப்பினோம். கடப்பாரைகள் வாங்கப் பணம் தானாக வந்தது.

9. மொய் நோட்டு

யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார்கள் என்பதை வீட்டு நோட்டிலேயே அந்தந்தப் பக்கத்தில் எழுதி வாருங்கள். பணத்துக்கு மொய் எழுதுகிற ஊர், உழைப்புக்கும் எழுதலாம். எழுதியதைத் திருப்பிச் செய்யவும் வேண்டும். அந்த வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பந்தியில் பரிமாற நான்கு பேர் போங்கள். ஒரு துக்கம் என்றால் சொல்லாமலே போங்கள். மருத்துவமனையில் ரத்தம் தேவைப்பட்டால் நோட்டைத் திறங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம் என்பதால், கடைசியாகக் கொடுத்த தேதியையும் குறித்து வைத்திருக்கிறோம். சால்வை போர்த்துவதும் கேடயம் கொடுப்பதும் எங்கள் ஊரில் எடுபடவில்லை. கேடயம் வாங்கிய ஒருவர் அதை மாட்டுக் கொட்டிலில் மாட்டியிருந்தார்.

சிலர் ஒருமுறை வந்துவிட்டு நின்றுவிடுவார்கள். காரணத்தைத் துருவாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதைவிடச் சின்ன வேலை ஒன்றைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

பனை விதையில் மீதி வந்ததை நாங்கள் பள்ளிக்குப் பின்னால் மணல் மேட்டில் நெருக்கமாகப் பரப்பி மண் மூடி வைத்திருந்தோம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு தோண்டினால் கிழங்கு. மஞ்சள் சேர்த்து வேகவைத்து, அன்றைக்கு வந்த வீடுகளின் பட்டியலை நோட்டில் பார்த்து, வீட்டுக்கு ஐந்து கிழங்கு என்று கட்டினோம். பால் சொசைட்டி அத்தை வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் விதை ஊன்ற வரவில்லை, பேரன்தான் வந்திருந்தான். கிழங்குக் கட்டை வாங்கிக்கொண்டு, “அடுத்த கூட்டம் எப்போது?” என்று கேட்டார். தேதி இன்னும் வைக்கவில்லை, வைத்ததும் வந்து அழைக்கிறேன் என்றேன்.